படி இல்லாத ஜீப்பில் போடிமெட்டு

இந்தப் பதிவை வேறு மாதிரி எழுதத்தான் நினைத்திருந்தேன். பழைய ஜீப்பை வீட்டு வாசலிலேயே பிரித்து, உயர்த்தி, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் ஏற்றிக் காட்டிய வீரக்கதையாக. ஜீப்பு நிமிர்ந்துவிட்டது, நான்தான் குனிந்து கிடக்கிறேன். இருந்தாலும் எழுதுகிறேன். ஜீப்பைத் தூக்குவது பற்றி நான் பார்த்த வீடியோ ஒன்றில்கூடப் பின்னால் ஏறுகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இதே வேலையில் இறங்கப் போகிற யாராவது என் பதிவையாவது படிக்கட்டும்.

ஊர் ராசிங்காபுரம். எனக்குப் பதினெட்டு முடிந்து, லைசென்ஸ் கைக்கு வந்து நான்கு மாதம். ஜீப்பு என்னைவிட மூத்தது. டீசல் வண்டி, பின்னால் எதிரெதிராக இரண்டு நீளப் பெஞ்சு. போடிமெட்டைத் தாண்டி அப்பா மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம் குத்தகைக்கு எடுத்திருக்கிறார். எடுப்பு, அதாவது காய் பறிப்பு, நடக்கிற நாட்களில் ஊரிலிருந்து பதினோரு பெண்களைக் காலையில் ஏற்றிப் போய்ச் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவார்.

இந்தப் பதினோரு பேரை எங்கள் பக்கம் 'செட்டு' என்போம். செட்டு என்றால் செட்டுதான். ஒருத்திக்கு இடமில்லை என்றால் மற்ற பத்துப் பேரும் இறங்கிவிடுவார்கள். ஒரு ஜீப்பில் ஏறிவிட்டால் அந்தப் போகம் முடியும்வரை அந்த ஜீப்புதான். அதனால் தோட்டக்காரர்கள் செட்டைக் கையில் வைத்துத் தாங்குவார்கள். எங்கள் செட்டுக்குத் தலை மொக்கத்தாய் அக்கா. ஐம்பது வயது தாண்டியவர், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

ஜூலை மாதம் என் கூடப்பிறந்த அக்காவின் பிரசவத்துக்காக அப்பாவும் அம்மாவும் கோயம்புத்தூர் போனார்கள். முதல் எடுப்புக்கு இரண்டு வாரம் இருந்தது. "டயரு மொழுமொழுன்னு ஆயிருச்சுடா. அத மட்டும் மாத்தி வையி, வேற எதையும் நோண்டாத" என்று அப்பா சொல்லிவிட்டுப் போனார். நோண்டாதே என்று சொன்னால் எனக்குக் கை நமைக்கும். மாமா மகன் முத்துவை வரச் சொன்னேன்.

செய்ததையும் செலவையும் சொல்லிவிடுகிறேன். பழைய டயருக்குப் பதில் மூன்று அங்குலம் உயரமான செகண்ட்ஹேண்ட் டயர் நான்கு, பதினாறாயிரம். வண்டியைத் தாங்குகிற பின்பக்கக் கமான் பட்டைகளில் பக்கத்துக்கு இரண்டு கூடுதல், முன்பக்கம் ஒன்று. பட்டறைக் கூலி இல்லாமல் ஆறாயிரத்து ஐந்நூறு. முன்னால் எல்.ஈ.டி. விளக்கு ஆயிரத்து எண்ணூறு. மங்கலான கறுப்புப் பெயின்ட் இரண்டாயிரம். ஒன்பது நாள் வேலை. ஜாக்கி வழுக்கி முத்துவின் கால் நசுங்க இருந்தது ஒரு தடவை. செங்கலை அண்டக் கொடுத்துவிட்டு வண்டிக்கு அடியில் போகாதீர்கள், கட்டை வையுங்கள்.

கடைசியாகப் பின்படி. பள்ளத்தில் இறங்கும்போது பின்படி தரையில் இடிக்கும், கழற்றி எறியுங்கள் என்று வீடியோவில் ஒரு தாடிக்காரர் சொன்னார். கழற்றினோம். மேல் கம்பியில் குறுக்கே கட்டியிருந்த நைலான் கயிற்றையும் அசிங்கமாக இருக்கிறது என்று நான்தான் அறுத்தேன். வளைவுகளில் அவர்கள் பிடித்துக்கொள்ளும் கயிறு அது.

"மாப்ளே, படி இல்லாம கெழவிக எப்பிடி ஏறுவாளுக?" என்று முத்து கேட்டான்.

"அதத்தான மாப்ளே படம் புடிக்கப் போறோம்" என்றேன்.

ஆமாம். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தெரிந்துதான் செய்தேன்.

முதல் எடுப்பு நாள். காலை ஆறு இருபது. ஊர் முக்கில் செட்டு நின்றது, கையில் தூக்குவாளி, தலையில் மழைக்குப் போர்த்துகிற பிளாஸ்டிக் கொங்காடை. ஜீப்பைப் பார்த்ததும் பஞ்சவர்ணம் அக்கா, செட்டிலேயே வாய் நீளம் அவருக்குத்தான், "என்ன அப்பு, ஜீப்பு குதிகால் செருப்புப் போட்டு வந்திருக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கையில் செல்லோடு.

பின் தளம் என் இடுப்புக்கு மேலே இருந்தது. இளசுகள் டயரில் கால் வைத்து ஏறி மற்றவர்களை இழுத்தார்கள். மொக்கத்தாய் அக்கா இரண்டு தடவை எம்பிப் பார்த்தார். மூன்றாவது தடவை வயிற்றைத் தளத்தில் அழுத்தித் தொங்கியபோது, பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள். சேலை முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது. "ஏய், பிடிங்கடி, பிடிங்கடி!" என்று அவரே சிரித்துக்கொண்டுதான் உள்ளே உருண்டார். நான் செல்லில் எடுத்து முடித்தபோது நாற்பது நொடி.

சாலை விவரம் கேட்பவர்களுக்கு: ராசிங்காபுரத்திலிருந்து போடி எட்டு கிலோமீட்டர் சொச்சம். போடியிலிருந்து முந்தல் சோதனைச்சாவடி ஏழு. அங்கிருந்து போடிமெட்டுக்கு இருபது, வளைவெல்லாம் அந்த இருபதில்தான். சாவடியில் ஏழு மணிக்கு நின்றோம். போலீஸ்காரர் டயரையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "மாத்துனதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எழுதி வாங்கினியா?" என்றார். "அப்பா வந்ததும் வாங்கிருவோம் சார்" என்று அவிழ்த்துவிட்டேன். தோட்ட வேலைக்காரர்களை ஏற்றிய வண்டி என்பதால் விட்டார். உங்களை விடமாட்டார்கள்; வாங்கிவிட்டுப் போங்கள்.

பெரிய டயரின் குணம் வளைவில்தான் தெரிந்தது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது. முன்பு ஒரே ஒடிப்பில் திரும்பிய வளைவுகளில் பின்னால் எடுத்து மறுபடி திருப்ப வேண்டியிருந்தது. மூன்றாவது கியர் இழுக்கவில்லை, மேடு முழுக்க இரண்டாவதில் முக்கியது. வண்டி முன்பைவிட அதிகமாகச் சாய்ந்தது. பின்னால் பிடிக்கக் கயிறில்லாமல் பதினோரு பேரும் ஒரு வளைவில் இடப்பக்கம், மறு வளைவில் வலப்பக்கம் என்று சரிந்தார்கள். பஞ்சவர்ணம் அக்கா, "சின்ன மொதலாளி, எங்கள ஏலக்கா சலிக்கிற மாதிரி சலிக்கிறீகளே!" என்று கத்தினார். பத்தாவது வளைவுக்குப் பிறகு அவரும் பெஞ்சு விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

மேட்டில் ஏற எட்டே கால் ஆனது. முன்பைவிட இருபது நிமிடம் கூடுதல். டீக்கடைச் சேட்டன் வண்டியைச் சுற்றி வந்து, "கொள்ளாம் மோனே, சூப்பர் வண்டி" என்றார். போதாதா? டீ ஆறுவதற்குள் அந்த நாற்பது நொடியை நெட்டில் ஏற்றிவிட்டேன். தலைப்பு: 'ஏறுதழுவுதல், ராசிங்காபுரம் கிளை'. என் சொல்விளையாட்டில் இதுவரை அதிகம் பேர் சிரித்தது இதற்குத்தான். அதை இப்போது எழுதவே கூசுகிறது.

தோட்டம் மேட்டிலிருந்து நான்கு கிலோமீட்டர், அதில் கடைசி ஒன்றரை மண்பாதை. மழை தூறிக்கொண்டிருந்தது. அந்தச் சேற்றில் மட்டும் ஜீப்பு ராஜா மாதிரி போனது. அதை மறைக்க மாட்டேன்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மொக்கத்தாய் அக்காவின் செல் அடித்தது. திருப்பூரிலிருந்து மகன். ஸ்பீக்கரில்தான் எப்போதும் பேசுவார்.

"என்னம்மா இது, அசிங்கமா தொங்கிக்கிட்டு? கம்பெனி பூரா பாத்துச் சிரிக்கிறாய்ங்க. தொடை தெரியுது. இனி அந்த ஜீப்புல ஏறாத, அந்தச் சோலிக்கே போகாத, நான் காசு அனுப்புறேன்ல?"

"எதுடா தம்பி? என்னத்தப் பாத்தாக?"

அவருக்குப் புரியவில்லை. பஞ்சவர்ணம் அக்கா தன் செல்லில் தேடி எடுத்துக் காட்டினார். மொக்கத்தாய் அக்கா முழுசாகப் பார்த்தார். பிறகு சேலைக் கொசுவத்தைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டார், இப்போதும் மேலே ஏறியிருப்பது போல. என் பக்கம் திரும்பவே இல்லை. சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டுச் செடிக்குள் போய்விட்டார்.

நான் உடனே அழித்தேன். அதற்குள் எங்கள் ஊர் வாட்ஸப் குழுவில் அது மூன்று தடவை சுற்றியிருந்தது.

நான்கு மணிக்கு ஜீப்பைத் திருப்பி நிறுத்தினேன். செட்டு என்னைக் கடந்து மண்பாதையில் நடந்தது. "அக்கா, ஏறுங்கக்கா, மழை வருது" என்றேன். பஞ்சவர்ணம் அக்கா மட்டும் நின்றார்.

"படத்துக்குத்தான ஏத்துன? படம் முடிஞ்சிருச்சுல்ல, போ."

மெயின் ரோட்டில் வேறொரு தோட்டக்காரரின் ஜீப்பு நின்றது. ஏற்கெனவே நிறைந்திருந்த அதில் பதினோரு பேரும் எப்படி நுழைந்தார்கள் என்று தெரியாது. பதினேழு வளைவும் அதன் பின்னாலேயே இறங்கினேன், காலி ஜீப்பில். உள்ளேயிருந்து ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஊர் முக்கு காலி. செட்டு அந்தத் தோட்டத்துக்கே போய்விட்டது. இனி இந்தப் போகம் அவர்கள் எங்களுக்கு வரமாட்டார்கள் என்று முத்து சொன்னான். பருவம் தவறினால் காய் பழுத்துச் செடியிலேயே வெடித்துவிடும். முதல் எடுப்பு போனால் அப்பாவின் குத்தகையும் சேர்ந்து வெடிக்கும். அன்றைக்கென்று அப்பாவும் கூப்பிட்டார். "எடுப்பு எப்பிடிடா?" "போகுதுப்பா" என்றேன்.

சாயங்காலம் ஜீப்பை எடுத்துக்கொண்டு மொக்கத்தாய் அக்காவின் தெருவுக்குப் போனேன். செட்டில் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள்.

"அக்கா, தப்புத்தான். படிய மாட்டிர்றேன். வந்துருங்க."

"எங்களுக்கு ஏறத் தெரியலப்பா" என்றார் பஞ்சவர்ணம் அக்கா. "நீ ஏறிக் காட்டு, பாத்துப் பழகிக்கிறோம். ஏய், அந்தச் சேலையக் கொண்டா!"

கொடியில் கிடந்த சேலையை என் பேன்ட்டுக்கு மேலே சுற்றி, கணுக்கால்வரை இறுக்கிச் செருகிவிட்டார்கள். ஒரு கையில் தூக்குவாளி. ஏறினேன் என்று எழுத ஆசைதான். முதல் தடவை முட்டி இடித்தது, இரண்டாவது தடவை சேலை தடுக்கி மண்ணில் விழுந்தேன். தெருவே கூடிவிட்டது. சேலைக்குள் கால் இவ்வளவுதான் விரியும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் யோசித்ததில்லை. பஞ்சவர்ணம் அக்கா செல்லைத் தூக்கினார்.

"உள்ள வையிடி அத" என்றார் மொக்கத்தாய் அக்கா. இரண்டு நாளில் அவர் என் முன்னால் பேசிய முதல் பேச்சு. "அவன் ஆத்தா ஊருல இல்ல."

விழுந்தது வலிக்கவில்லை. இது வலித்தது.

அடுத்த இரண்டு நாள் முத்துவும் நானும் செய்ததையெல்லாம் பிரித்தோம். கூடுதல் பட்டைகள் வெளியே. பழைய டயர்கள் நல்லவேளை விற்றிருக்கவில்லை. அதில் தேய்மானம் குறைந்த இரண்டை முன்னால் மாட்டி, பின்னால் அதே அளவில் வேறு இரண்டு வாங்கினேன். படியைப் பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தேன், அது போயே போய்விட்டது. போடியில் வெல்டிங் கடையில் புதிதாகச் செய்ய ஆயிரத்து நானூறு. ஒன்றுக்கு இரண்டு படியாக வைக்கச் சொன்னேன். புதுக் கயிறும் கட்டினேன்.

மூன்றாம் நாள் ஆறு பத்துக்கே முக்கில் நின்றேன். பத்துப் பேர் வந்தார்கள். மொக்கத்தாய் அக்கா வரவில்லை. பத்துப் பேரும் ஏறாமல் தெருவைப் பார்த்து நின்றார்கள். அந்தப் பக்கம் மற்ற ஜீப்பும் வந்து ஹார்ன் அடித்தது. யாரும் அசையவில்லை. நான் படியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், அதில் துடைக்க ஒன்றுமே இல்லை.

ஆறரைக்கு அவர் வந்தார், காதில் செல்லோடு. "இல்லடா தம்பி... அந்த ஜீப்புல ஏறலடா... பஸ்சுலதான் போறேன். ஆமா, போடிக்குப் போயி அங்கிட்டு மாறிக்கிறேன். வையி." பேசிக்கொண்டே புதுப் படியில் ஒரு கால், கயிற்றில் ஒரு கை, உள்ளே. பிறகு என்னிடம், "வேடிக்க பாக்காத. வெரசா எடு."

செட்டு திரும்பிவிட்டது. முதல் எடுப்பு வீணாகாமல் தப்பிவிட்டது. அப்பா வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, சாவியை மட்டும் என் கையிலேயே விட்டிருக்கிறார். ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்தப் பாதையில் பழைய ஜீப்போடு வருகிறவர்களுக்கு: டயரை நல்லதாகப் போடுங்கள், அளவை மாற்றாதீர்கள். மாற்றினால் ஸ்டெப்னியையும் சேர்த்து மாற்றுங்கள். பிரேக்கையும் ரேடியேட்டரையும் முந்தலுக்கு முன்பே பாருங்கள். ஜூன் முதல் மேட்டில் மூடுபனி, காலை ஏழுக்கு முன் ஏறத் தொடங்கினால் லாரி குறைவு. எதைக் கழற்றுவதானாலும், அந்த வண்டியில் தினமும் ஏறுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இன்னொன்று. மொக்கத்தாய் அக்காவின் மகன் இப்போதெல்லாம் காலையில் தவறாமல் கூப்பிடுகிறான். அதற்கு முன்பு அவர் மகனிடம் பொய் சொன்னதில்லை என்று பஞ்சவர்ணம் அக்கா சொன்னார். இப்போது தினமும் சொல்கிறார், என் புண்ணியத்தில். செல் அடித்ததும் நான் இன்ஜினை அணைத்துவிடுவேன். டீசல் சத்தம் அவனுக்குக் கேட்டுவிடக் கூடாது. பதினோரு பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பார்கள். ராசிங்காபுரம் முக்கில் ஆறரை வாக்கில் அப்படி ஒரு கறுப்பு ஜீப்பு ரோட்டை அடைத்து நிற்பதைப் பார்த்தால், தயவுசெய்து ஹார்ன் அடிக்காதீர்கள். ஒரு நிமிடம்தான்.