ஜாம் போத்தலில் காத்திருந்த ஒன்றுகள்

நான் இருமியதால்தான் கணக்குப் பரிசோதகர் ஆனேன். பிள்ளைகளே, சிரிக்காமல் கேளுங்கள்.

ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் ஹம் நகரத்தில் குவேக்கர்கள் என்று ஒரு சின்னக் கூட்டம் உண்டு. மொத்தம் பன்னிரண்டு பேர். அவர்களும் கிறிஸ்தவ வழியில் வந்தவர்கள்தான். ஆனால் பாதிரியார் இல்லை, மணி இல்லை, பாட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வட்டமாக உட்கார்ந்து பேசாமல் இருப்பார்கள். கட்டாயம் சொல்லவேண்டிய ஒன்று யாருக்காவது மனதில் வந்தால் எழும்பிச் சொல்லிவிட்டு உட்காருவார். பிறகு மறுபடியும் அமைதி.

இந்தப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒரு தருமச் சங்கம் நடத்துகிறார்கள். காசு அதிகம் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவதுதான் அதன் வேலை. என் மூத்தவள் அங்கேதான் பழகினாள். இளையவள் இப்போது பழகுகிறாள். இந்த நாட்டில் ஒரு பிள்ளை முதல்முதலாக நீந்திக் காட்டி, தண்ணீருக்குள் கிடக்கும் வளையத்தையும் எடுத்து வந்தால், கடற்குதிரைப் படம் போட்ட ஒரு துணிச்சின்னம் கொடுப்பார்கள். இளையவள் நன்றாக நீந்துவாள். ஆனால் தலைமயிர் நனையும் என்று முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கமாட்டாள். இரண்டு தடவை சோதனைக்குப் போய், இரண்டு தடவையும் நனையாத தலையோடு திரும்பி வந்தாள்.

சரி, இருமலுக்கு வருவோம். பெற்றோரும் சங்கத்தில் சேரலாம் என்றார்கள், சேர்ந்தேன். முதல் கூட்டத்திலேயே செயலாளர் கேட்டார், "இந்த வருடம் கணக்கைப் பரிசோதிக்க யார் வருவீர்கள்?" அவர் ஓய்வுபெற்ற ரயில் சாரதி, தென்னைமர உயரம். பேசுவது மட்டும் ரகசியம் சொல்வதுபோல இருக்கும். அவர் கேட்டதும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அங்கே வாக்கெடுப்பு இல்லை. எல்லோருடைய மனமும் ஒரு பக்கம் வரும்வரை காத்திருப்பார்கள். நான் வேலை செய்வது பாண் சுடும் தொழிற்சாலையில். காலையில் மூக்குக்குள் போன மாவு அந்த நேரம் பார்த்துத் தொண்டைக்கு வந்தது. இருமிவிட்டேன்.

பன்னிரண்டு தலைகளும் என் பக்கம் திரும்பின. எல்லா முகத்திலும் அப்படி ஒரு நிம்மதி. செயலாளர் அந்த இடத்திலேயே தீர்மானத்தை எழுதி வாசித்தார். எல்லோரும் "ஆம்" என்றார்கள். இவ்வளவு சந்தோசத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் மனைவி நம்பவில்லை. "கணக்குப் பாக்கவோ? நீங்களோ? போன கிழமை கடையில மிச்சக்காசை எண்ணாமல் வாங்கிக்கொண்டு வந்த ஆள்!"

அவள் சொன்னதில் பிழையில்லை. பத்தாம் வகுப்புச் சோதனையில் எனக்குக் கணக்குக்குக் கிடைத்தது சாதாரண சித்தி. அதற்குக் கீழே பெயில்தான்.

ஒரு சனிக்கிழமை சங்கத்தின் பொருளாளர் அம்மாவின் வீட்டுக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். முன்பு மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவர். அந்தப் பழக்கம் போகவில்லை. சமையல் நடக்கும் குசினியில், மேசைமேல் மூன்று கோப்புகள், திகதி வாரியாக ஒட்டிய பற்றுச்சீட்டுகள். நீச்சல் தொப்பி ஒன்றுக்கு ஊசிநூல் வாங்கிய சீட்டுக்கூட இருந்தது. நான் அடிமட்டம் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஒரு சதம்கூடப் பிழையில்லை. ஒரு பிழையாவது பிடிக்காவிட்டால் பார்க்கவேயில்லை என்று நினைத்துவிடுவாரே என்று எனக்கு வேர்த்தது.

அப்போது அவர், "இன்னும் ஒன்று இருக்கிறது" என்று அலுமாரியைத் திறந்தார். மூன்று ஜாம் போத்தல்களை எடுத்து வைத்தார். மூன்றிலும், 'திருப்பிக் கொடுக்க வேண்டியது' என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே முழுக்க ஒரு யூரோ நாணயக் குற்றிகள்.

"குடும்பங்கள் நன்கொடை தரும் உறையில் மூன்று கட்டங்கள் இருக்கும்" என்றார் அவர். "இருபது, ஐம்பது, நூறு. ஒன்றில் அடையாளம் போட்டுத் தருவார்கள். சிலருடைய உறையில் இருபது என்று போட்டிருக்கும், உள்ளே இருபத்தொன்று இருக்கும். ஐம்பது என்று போட்டால் ஐம்பத்தொன்று. பாவம், எண்ணும்போது பிழை விடுகிறார்கள். கொடுக்க வசதியில்லாதவர்கள் வெட்கப்படக்கூடாது என்பதால் உறையில் பெயர் எழுதச் சொல்வதில்லை. அதனால் யாருடைய காசு என்று எனக்குத் தெரியாது. பல வருடமாக எடுத்து வைத்திருக்கிறேன். ஒருவரும் கேட்டு வரவில்லை."

நான் சிரித்தேன். மெதுவாக அல்ல, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகு அவருக்கு விளக்கினேன். தமிழ் ஆட்கள் அன்பாகக் கொடுக்கும் காசைப் பூச்சியத்தில் முடிக்கமாட்டோம். பூச்சியத்தோடு நின்றால் விசயம் முடிந்துபோன மாதிரி. மேலே ஒன்று வைத்தால் இன்னும் தொடரும், இன்னும் வளரும் என்று அர்த்தம். கல்யாண வீடு என்றாலும் நூற்றொன்றுதான். "மூத்தவள் சின்னம் எடுத்தபோது நான் வைத்த ஒன்றும் இந்தப் போத்தலுக்குள்தான் கிடக்கும்!" என்றேன்.

நல்ல செய்தி சொன்னதாக நினைத்தேன். அவருடைய முகம் வெளுத்துப்போனது.

"அப்படியென்றால் இது பிழையாக வந்த காசு இல்லை. நன்கொடை."

"ஆம்!"

"நன்கொடையை நான் கணக்கில் எழுதாமல் குசினி அலுமாரியில் வைத்திருக்கிறேன். எழுதாமலே, ஒவ்வொரு வருடமும் 'கணக்கு சரி' என்று கையெழுத்தும் வைத்திருக்கிறேன்."

என் சிரிப்பு வந்த வழியே உள்ளே போனது. குவேக்கர்கள் நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்யமாட்டார்களாம். எப்போதும் உண்மைதானே பேசுகிறோம், தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பார்களாம். அப்படிப்பட்டவர் கோப்பை மூடினார். "அடுத்த கூட்டத்தில் நான் பொறுப்பிலிருந்து விலகுகிறேன்" என்றார்.

செயலாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் இன்னும் மெல்லிய குரலில் சொன்னார். வேறு யாரும் பொருளாளராக வரமாட்டார்கள். கேட்டுக் கேட்டுச் செயலாளரே களைத்துவிட்டார். பொருளாளர் கையெழுத்து இல்லாமல் வங்கியில் காசு எடுக்க முடியாது. கூட்டத்துக்கு மறுநாள் திங்கட்கிழமை பொருளாளர் காசு கட்டி, நீச்சல் மண்டபத்தோடு அடுத்த வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவேண்டும். போடாவிட்டால் நீச்சல் வகுப்பு நின்றுவிடும்.

இளையவளிடம் சொன்னேன். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்பா, நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்?"

ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தமிழ்க் கடை வைத்திருக்கும் அண்ணையிடம் ஓடினேன். அவருடைய மூன்று பிள்ளைகளும் அங்கேதான் நீச்சல் பழகினவர்கள். கோயில் திருவிழாக் குழு, விளையாட்டுக் கழகம் என்று அவர் இருக்காத சங்கம் இல்லை.

"தம்பி, நீ பேசாமல் இரு. ஆக்களை நான் கொண்டு வாறன். அவவை விலக விடேலாது. எல்லாரும் கையை உயர்த்தினால் விசயம் முடிஞ்சுது."

"அங்க கை உயர்த்திறேல்லை அண்ணை."

"கை உயர்த்தாத சங்கம் எங்க கிடக்கு? சும்மா கதையாதை."

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு குவேக்கர்கள் இருக்கும் அறைக்குள் பத்தொன்பது தமிழர் வந்து இறங்கினோம். பிள்ளை இல்லாதவர்களும் வந்தார்கள். ஹனோவரில் இருந்து மச்சான் வீட்டுக்கு விருந்துக்கு வந்த ஒருவரையும் இழுத்து வந்திருந்தார்கள். கதிரை போதாமல் ஜன்னல் விளிம்பிலும் ஆட்கள். செயலாளருக்குக் கண் கலங்கியது. இத்தனை பேர் அமைதியைத் தேடி வந்திருக்கிறார்களே என்று.

"முதலில் அமைதி" என்று உட்கார்ந்தார்.

ஒரு நிமிடம் போனது. அண்ணை என் காதுக்குள் வந்தார். "எப்ப தொடங்குவினம்?"

"தொடங்கிட்டுது அண்ணை."

"என்ன தொடங்கிட்டுது?"

"இதுதான்."

இன்னும் இரண்டு நிமிடம். "ஆரும் செத்துப்போச்சினமோ?"

பின்வரிசையில் ஓர் அக்கா பையைத் திறந்தா. உள்ளே பருத்தித்துறை வடை. தட்டையாக, மொறுமொறு என்று இருக்குமே, அதேதான். அந்த அமைதிக்குள் முதல் கடி கூரை ஓடு உடைந்ததுபோலக் கேட்டது. அக்கா பயந்துபோய், பங்கு கொடுத்தால் குற்றம் குறையும் என்று பையைச் சுற்றி விட்டா. இப்போது எட்டு இடத்தில் ஓடு உடைந்தது. ஒரு வயதான குவேக்கர் மரியாதைக்காக ஒன்று எடுத்தார். கடிக்கப் பல் இடம் கொடுக்கவில்லை. கண்ணை மூடி வாய்க்குள் ஊறவைத்துக்கொண்டு இருந்தார். பார்ப்பதற்குத் தியானம் போலத்தான் இருந்தது.

செயலாளர் எழும்பி, பொருளாளர் விலக விரும்புகிறார் என்று சொன்னார். சொல்லி வாய் மூடவில்லை, அண்ணையின் கை மேலே போனது. அதோடு எங்கள் பத்தொன்பது கைகளும் போயின. பரிசோதகன் நானும் உயர்த்திவிட்டேன், பழக்கதோசம்.

செயலாளர் எங்களைக் கனிவோடு பார்த்தார். "கழிப்பறை இடது பக்கம், இரண்டாவது கதவு" என்றார். "ஒவ்வொருவராகப் போகலாம்."

கைகள் இறங்கின. ஹனோவர்க்காரர் மட்டும் உண்மையாகவே எழும்பிப் போனார்.

பிறகு செயலாளர் விளக்கினார். இங்கே கைகளை எண்ணுவதில்லை. முப்பது பேர் ஆம் என்றாலும், ஒருவர் மனதில் பாரம் இருந்தால் அந்தப் பாரம் இறங்கும்வரை காத்திருப்போம். அந்த ஒருவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். பொருளாளர் அம்மா மடியில் மூன்று போத்தல்களையும் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருந்தார்.

"அப்ப அவவை வச்சிருக்க வேணுமெண்டால் அவவே ஓமெண்டு சொல்ல வேணுமோ?" என்று அண்ணை கேட்டார்.

"ஓம் அண்ணை."

"பாராளுமன்றத்தைவிடக் கஷ்டமாக் கிடக்கடாப்பா."

மறுபடியும் அமைதி. இந்த முறை வடைச் சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அண்ணை எழும்பினார். நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை. கடையில் அரிசி விற்கும் ஜேர்மன் மொழியில் பேசினார். அதை நான் அவருடைய தமிழிலேயே தருகிறேன்.

"அம்மா, அந்தப் போத்தலுக்குள்ள ஆறு குற்றி என்ரை. நான் முப்பது வருசமாச் சங்கங்களில இருக்கிறன். காசு குறைஞ்சு அடிபட்டதைப் பாத்திருக்கிறன். காசு கூடிப்போச்சுதெண்டு விலகிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன். நானெண்டால் அந்தக் காசில கோப்பி குடிச்சிருப்பன். நீங்கள் ஒண்டையும் தொடேல்லை. உங்களை விட்டிட்டு நாங்கள் ஆரிட்டை உறையைக் குடுக்கிறது?"

உட்கார்ந்தார். ஒருவரும் அசையவில்லை. "ஏன் ஒருத்தரும் கைதட்டேல்லை?" என்றார் என்னிடம். "இங்க தட்டமாட்டினம் அண்ணை." "இதைவிட அவைக்கு என்ன சொல்லிறது?" என்று முகம் கறுத்தார்.

அடுத்தது நான். பரிசோதகரின் அறிக்கை. எழுதி வந்த தாளை விரித்தேன். "கோப்பில் பிழை இல்லை. போத்தல் காசு கோப்பில் இல்லை. இரண்டும் உண்மை" என்றேன். "அந்தக் காசை இந்த வருட நன்கொடையாகத் தனி வரியில் எழுதி, பிந்தியதற்கான காரணத்தையும் பக்கத்தில் எழுதினால், நான் பொய் இல்லாமல் கையெழுத்து வைக்கலாம். அம்மாவும் வைக்கலாம். அன்றைக்கு நான் சிரித்தது பிழை." அதற்கு மேல் தாளில் ஒன்றும் இல்லை.

செயலாளர் வழக்கம்போல அங்கேயே எழுதி வாசித்தார். "நன்கொடையின் ஒரு பகுதியைப் பிழை என்று நினைத்து, நாங்கள் பல வருடமாக ஜாம் போத்தல்களில் காத்திருக்க வைத்துவிட்டோம்."

"நாங்கள் என்று எழுதவேண்டாம்" என்றார் பொருளாளர் அம்மா. "நான்."

"இல்லை, நாங்கள்தான்" என்றார் செயலாளர். "அந்த ஜாம் நான் கிண்டியது. போத்தலை உங்கள் குசினியில் நானும் பார்த்தேன். 'திருப்பிக் கொடுக்க வேண்டியது' என்று ஒட்டியிருந்ததால், எனக்கு என் போத்தல் திரும்பி வரும் என்று இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன்."

யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். யாரென்று திரும்பிப் பார்த்தால், பொருளாளர் அம்மா.

"எண்ணுவோம்" என்றார் அவர்.

மேசையில் குற்றிகளைக் கொட்டினோம். சிலது ஜாமில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. முப்பத்தொரு பேரும் பத்துப் பத்தாக அடுக்கினோம். நான் எண்ணினேன், அண்ணை எண்ணினார், அம்மா எண்ணினார். மூன்று பேருக்கும் மூன்று கணக்கு வந்தது. கடைசியில் அம்மாவின் கணக்குத்தான் சரி. நூற்றறுபது.

அவர் அந்தக் குற்றிக் கோபுரங்களைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பூச்சியத்தில் முடிகிறது. பிறகு கைப்பையைத் திறந்து தன்னுடைய பேர்சை எடுத்தார். ஒரு யூரோக் குற்றி ஒன்றைத் தேடி எடுத்து, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே மெதுவாக வைத்தார். வைத்துவிட்டுப் பொருளாளர் கதிரையில் போய் உட்கார்ந்தார்.

"அப்ப இருக்கிறாவோ?" என்று அண்ணை கேட்டார்.

"இருக்கிறா போலக் கிடக்கு."

"கையை உயர்த்துவமோ?"

"ஐயோ வேண்டாம் அண்ணை."

அம்மா என்னைக் கூப்பிட்டார். தான் வைத்த ஒரு யூரோவுக்குப் பற்றுச்சீட்டு வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, நான் எழுதியிருந்த நூற்றறுபத்தொன்றை வெட்டி, ஒன்று என்று திருத்தினார். திகதியும் பிழை என்றார். அப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது, நாளைக்கு நீச்சல் மண்டபத்தில் கையெழுத்து வைக்க ஆள் இருக்கிறது என்று.