அரை மணி வரை உள்ளே விடலாம்

1959-ஆம் ஆண்டு எங்கள் வீட்டில் எனக்கென்று தனியாக ஒரு தம்ளர் இருந்தது. அலுமினியத் தம்ளர். வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். ஒரு பெண்ணுக்குத் தனிச்சொத்து இருப்பது அந்தக் காலத்தில் பெரிய விஷயம். காரணம்தான் பெருமைப்படும்படி இல்லை. எனக்குக் காசநோய் வந்து போயிருந்தது.

ஆண்டவர் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்ல எங்கள் கிறிஸ்தவ சபையில் பலமுறை கூப்பிட்டும் நான் எழுந்ததில்லை. கண்ணீர் விடத் தெரியாதவர்கள் சாட்சி சொன்னால் எடுபடாது. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதுவது பணிக்காலம் முழுவதும் நான் செய்த வேலை. அந்த முறையிலேயே இதையும் எழுதுகிறேன்.

ஆசிரியப் பயிற்சி முடித்த கையோடு நோய் வந்தது. ஒரு வருடம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சான்றிதழை எடுத்துக்கொண்டு இரண்டு பள்ளிகளுக்குப் போனேன். இரண்டிலும் அதை விரல் நுனியால் வாங்கிப் படித்து, விரல் நுனியாலேயே திருப்பித் தந்தார்கள். எனக்கும் முழு நம்பிக்கை இல்லை. வெயிலில் கொஞ்சம் நடந்தால் இருமல் வந்துவிடுமோ என்று பயந்து, தண்ணீர்க் குடம்கூடத் தூக்காமல் வீட்டிலேயே இருந்தேன். எங்கள் தெருவில் எல்லோரும் கூலிக்கு நாற்று நட்டவர்கள். நடவும் தெரியாமல், வேலையும் இல்லாமல், படித்துவிட்டு உட்கார்ந்திருந்தவள் நான் ஒருத்திதான்.

அந்த மார்ச் மாதம் உத்திரமேரூர் உயர்நிலைப் பள்ளியில் இறுதித் தேர்வு எழுத வழக்கத்தைவிட அதிகமாகப் பெண் பிள்ளைகள் வந்தார்கள். மேற்பார்வைக்கு ஆசிரியைகள் போதவில்லை. தற்காலிகமாக ஒருவரை எடுப்பதென்றும், தேர்வு நாட்களில் சரியாக நடந்துகொண்டால் ஜூனில் காலியாகும் இடத்துக்கு அவரையே வைப்பதென்றும் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். விண்ணப்பித்தேன். நோயை மறைக்காமல் எழுதினேன். நேர்முகத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. ஆட்கள் எவ்வளவு குறைவு என்பதற்கு இதுவே அத்தாட்சி.

நான் தயாரானேன். தேர்வு மண்டப விதிகள் எனக்கு மனப்பாடம். வினாத்தாள் உறையை யார் முன்னிலையில் பிரிப்பது, விடைத்தாளை நூலால் எப்படிக் கட்டுவது, எந்த மணிக்கு என்ன செய்வது எல்லாம் தெரியும். நடந்து பழகத்தான் மண்டபம் இல்லை. அம்மாவை மாணவியாக உட்காரவைத்துச் சுற்றி நடந்தேன்.

"பக்கத்துல பாக்கக் கூடாதும்மா."

"எனுக்கு அ-னாவே தெரியாது. பக்கத்துல பாத்தா மட்டும் புரிஞ்சிடப் போவுதா?"

"பேசவும் கூடாது. பரீட்சை நடக்குது."

"என் வூட்ல என்னியே வாய மூடச் சொல்றியா? வரட்டும் உங்க நைனா." பிறகு அம்மாவுக்கே ஆர்வம் வந்துவிட்டது. "ஏண்டி, ஒருத்தன் லேட்டா வந்தான்னா இன்னா பண்ணுவாங்க? தொரத்திடுவாங்களா?"

"அரை மணி வரைக்கும் உள்ள வுடணும். அதுக்கு மேல வுடக் கூடாது."

"ஏன் லேட்டுன்னு கேட்டு நாலு சாத்த மாட்டாங்க?"

"வாசல்ல நிக்க வெச்சுக் கேக்கக் கூடாதும்மா. அவன் எழுதற நேரம் போயிடும்."

"பரவால்லியே," என்றாள் அம்மா. "சர்க்காருக்குக்கூட கொஞ்சம் மனசு கீது."

ஜெபத்தையும் முறையாகவே செய்தேன். ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான் இருக்க வேண்டும், அதுவும் தெளிவாக இருக்க வேண்டும். ஆகவே வேலை கொடு என்று கேட்கவில்லை. "ஆண்டவரே, தலைமையாசிரியர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரம் மட்டும் எனக்கு இருமல் வரக் கூடாது" என்று கேட்டேன். தினமும் அதையே கேட்டேன்.

நேர்முகத்தன்று காலை எட்டு மணிக்குப் பஸ். அதை விட்டால் மதியம்தான். என்னை ஜெபித்து அனுப்ப வேண்டும் என்று, வேலைக்குப் போகுமுன் தெருவே எங்கள் சபையின் சின்னக் கோயிலில் கூடிவிட்டது. ஆராதனை நடத்தும் உபதேசியார் முழங்காலிட்டார். நல்ல மனிதர். சுருக்கமாக ஜெபிப்பது அவமரியாதை என்று நினைப்பவர். எனக்காக ஜெபித்தார். தலைமையாசிரியருக்காக, அவர் வீட்டாருக்காக ஜெபித்தார். பிரதமருக்காக, ராஜாக்களுக்காக ஜெபித்தார். அப்போது எந்த ராஜா மிச்சம் என்று எனக்குத் தெரியவில்லை. ஏரியில் தண்ணீருக்கு வந்தார். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டு மாட்டுக்கும் போனார்.

பஸ் ஹாரன் கேட்டது. ஒரு கண்ணைத் திறந்தேன். அம்மா தன் கண்ணைத் திறக்காமலே என் தொடையைக் கிள்ளினாள். ஆமென் சொல்லுமுன் எழுந்திருப்பது எங்கள் சபையில் நடக்காத காரியம். பஸ் நின்றது, கிளம்பியது, போய்விட்டது. அதற்குப் பிறகும் இரண்டு மாடுகள் இருந்தன.

ஆமென் சொல்லிவிட்டு உபதேசியார் மலர்ந்த முகத்தோடு என்னைப் பார்த்தார். "போய்ட்டு வாம்மா. கர்த்தர் முன்னாடி போறாரு."

"பஸ்ல போறாரு" என்றேன். அம்மா முறைத்தாள்.

அப்போது எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் சாட்சிக்கு நன்றாக இருக்கும். வந்தது கோபம்தான். ஜெபத்தின் மேல் கோபம், ஜெபித்த எல்லோர் மேலும் கோபம். இந்த இடமும் போனால் இனி கேட்டுப் போகப் பள்ளி எதுவும் இல்லை. ஆறு மைலுக்குக் குறையாத தூரம். அந்தக் கோபத்திலேயே நடக்க ஆரம்பித்தேன்.

திருப்புலிவனத்துக்கு முன்னால் எங்கள் ஊர் நிலக்காரர் ஒருவர் மாட்டுவண்டியில் என்னைத் தாண்டினார். "இன்னாம்மே வாத்தியாரம்மா, பஸ்ஸ வுட்டுட்டியா?"

"வுட்டுட்டேங்க."

"நட, நட. ஒடம்புக்கு நல்லது." வண்டியில் இடம் இருந்தது. எங்கள் தெருக்காரர்களுக்கு அதில் இடம் இருந்ததில்லை. வைத்தியம் மட்டும் சொல்லிவிட்டுப் போனார். வெயில் ஏறியது. கடைசி ஒரு மைல் ஓடினேன் என்றே சொல்லலாம்.

நேர்முகம் பத்து மணிக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது பத்தே கால் தாண்டிவிட்டது. வாசலில் பியூன் கையை நீட்டி மறித்தார். "பேரு கூப்ட்டாச்சிம்மா. வந்தவங்கள பாத்து முட்ச்சிட்டாரு. போ, போ."

உள்ளேயிருந்து தலைமையாசிரியர் குரல் கேட்டது. "யாரது?" கதவருகே போய்ப் பெயரைச் சொன்னேன். அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பரீட்சைக்கு ஒரு பொண்ணு இத்தனை தாமதமா வந்தா என்னம்மா செய்வீங்க?"

"உள்ளே விடுவேன் சார். அரை மணி வரைக்கும் விடலாம். முடிவில் கூடுதல் நேரம் கிடையாது. வாசல்ல நிறுத்திக் காரணம் கேக்க மாட்டேன்."

அவர் எதிரிலிருந்த நாற்காலியைக் காட்டினார். "அப்போ நானும் கேக்கக் கூடாது. உக்காருங்க. கூடுதல் நேரம் கிடையாது."

நான் மனப்பாடம் செய்திருந்த மற்ற விதிகளில் ஒன்றைக்கூட அவர் கேட்கவில்லை. என் விண்ணப்பத்தை எடுத்தார். ஆஸ்பத்திரி என்று இருந்த வரியில் விரலை வைத்தார்.

"இதுதான் யோசனையா இருக்கு. மூணு மணி நேரம் நிக்கணும், நடக்கணும். சுத்தி அத்தனை பிள்ளைங்க. நெஞ்சு தாங்குமா?"

"சான்றிதழ் இணைச்சிருக்கேன் சார்."

"சான்றிதழ் பழசு." பிறகு என் காலைப் பார்த்தார். முழங்கால்வரை புடவையெல்லாம் புழுதி. "எதுல வந்தீங்க?"

"பஸ்ஸை விட்டுட்டேன் சார். நடந்து வந்தேன்."

"எங்கேர்ந்து?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். பியூன் எட்டிப் பார்த்தார். "அவ்ளோ தூரமா! இந்த வெயில்லயா!"

தலைமையாசிரியர் பேனாவைக் கீழே வைத்தார். என் மூச்சைக் கவனிக்கிறார் என்று புரிந்தது. நானும் கவனித்தேன். மார்பு வேகமாக ஏறி இறங்கியது, அவ்வளவுதான். வழி முழுவதும் இருமவில்லை. அங்கேயும் இருமவில்லை. குடம்கூடத் தூக்காமல் பாதுகாத்து வைத்திருந்த அந்த நெஞ்சு எப்போதோ குணமாகியிருந்தது. அது எனக்கே அந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

"இவங்களுக்குத் தண்ணி குடுப்பா" என்றார்.

பியூன் பானையருகே தயங்கி நின்றார். மேலே இருந்தது ஆசிரியர்களின் தம்ளர் ஒன்றுதான். என் நோயை நினைத்துத் தயங்கினாரா, என் தெருவை நினைத்தா என்று நான் விசாரிக்கவில்லை. தலைமையாசிரியர் திரும்பிப் பார்க்காமலே, "அந்தத் தம்ளர்லயே குடு" என்றார்.

குடித்தேன். கண்ணீர் என்று ஒன்று எனக்கு வந்ததென்றால் அப்போதுதான்.

தேர்வு வேலைக்கு என்னை எடுத்துக்கொண்டார். நான் கேட்டது அவர் முன்னால் உட்கார்ந்திருக்கும் நேரத்துக்கு இருமல் வரக் கூடாது என்று மட்டும்தான். பஸ்ஸில் போய், இருமாமல் உட்கார்ந்திருந்தால் என் மனு அப்படியே நிறைவேறியிருக்கும், வேலை கிடைத்திருக்காது. பழைய சான்றிதழைத்தான் காட்டியிருப்பேன். உபதேசியார் மாடுகளுக்காக ஜெபித்ததால் என் நெஞ்சையே காட்ட முடிந்தது. இதை ஒரு வாரம் கழித்து அவரிடம் சொன்னேன். "அதான் நான் அன்னிக்கே சொன்னேனே" என்றார். அதன் பிறகு அவருடைய ஜெபங்கள் இன்னும் நீண்டன. அதற்கு நானே பொறுப்பு.

வீட்டுக்கு வந்து செய்தியைச் சொன்னேன். அம்மா அலுமினியத் தம்ளரை எடுத்துப்போய்க் கோழிக்குத் தண்ணீர் வைத்தாள். எனக்குக் குடும்பத்துச் சொம்பில் மோர் வந்தது.

தேர்வு நாட்கள் முழுவதும் நின்றேன். ஜூனில் இடம் கிடைத்தது. பிறகு தலைமையாசிரியையாகவே ஓய்வு பெற்றேன். தாமதமாக வந்த எந்தப் பிள்ளையையும் வாசலில் நிறுத்திக் காரணம் கேட்டதில்லை. அரை மணி தாண்டி வந்த ஒருத்தியைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறேன். விதி விதிதான். அவளுக்காக அன்று ஜெபித்தேன். அதற்கு விதியில் தடை இல்லை.

விதிகளோடு வாழ்ந்தவள் என்ற முறையில் ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். நேரம் போய்விட்டது, பெயரைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள் என்று உங்களில் யாராவது வாசலில் நின்றுகொண்டிருந்தால், திரும்பிப் போகாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள். அரை மணி என்ற கணக்கு எங்களுக்குத்தான். ஆண்டவர் கதவில் கடிகாரம் மாட்டியிருந்து நான் பார்த்ததில்லை.