மூன்று பேராய்ப் போனவர்கள்

இதைக் கதை என்று நினைத்து வாசிக்க வந்தவர்கள் இந்த வரியோடு நின்றுகொள்ளலாம். இது நடந்தது. பாரிசின் லா சப்பலில் கொத்துரொட்டி போடுகிற உதயனுக்கு நடந்தது. உதயனுக்குப் பொய் சொல்ல வராது. சின்னப் பொய் ஒன்று சொன்னாலே காது சிவந்துபோகிற ஆள். இதைச் சொல்லும்போது அவனுடைய காது சிவக்கவில்லை. முகம்தான் வெளிறிப்போய்க் கிடந்தது.

போன ஜூன் மாதம், ஒரு சனிக்கிழமை.

உதயனின் மனைவி லக்ஷனா. அவளுக்கு ஒரே தம்பி, டெனிஸ்டன். இருபத்தைந்து வயது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம். ஒபர்வில்லியேயில் ஒரு மொத்தக் கடையில் பெட்டி தூக்கும் வேலை. அக்கா வீட்டுச் சின்ன அறையில் படுக்கை. ஆனால் படுக்கைதான் இருந்தது, நித்திரை இல்லை. வந்த நாளிலிருந்து இரவெல்லாம் விழித்துக்கொண்டு கிடப்பான். சாப்பாடும் கோழி கொத்துகிற அளவுதான். பெடியன் இப்படியே உருகிப்போய்விடுவானோ என்று லக்ஷனா பயந்துகொண்டிருந்தாள்.

அதற்கு மருந்து சொன்னவர் பிராங்க். புதுச்சேரிக்காரர், தபால் நிலையத்தில் வேலை, உதயனின் கடைக்கு வாரம் தவறாமல் சாப்பிட வருகிறவர். கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு காடு காடாக அலைவதில் மனுசனுக்கு ஒரு பைத்தியம்.

“தம்பிக்கு நல்ல காத்து வேணும் உதயன். ஒரு ராத்திரி காட்டுல படுக்கட்டும். கேம்பிங் இல்லப்பா, பிவுவாக். குழாய் கிடையாது, கரண்ட் கிடையாது, டாய்லெட் கிடையாது. சாயங்காலம் கூடாரம் அடிக்கிறோம், காலைல கழட்டிட்டு வந்துடுறோம். மரமும் நாமளும்தான்.”

லக்ஷனாவுக்கு இது பிடிக்கவே இல்லை.

“மூண்டு பேராவோ போறியள்?”

“ஓம். அதுக்கென்ன?”

“மூண்டு பேராப் போகக்கூடாது. ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போங்கோ. அவன் என்ரை ஒரே தம்பி, சொல்லிப்போட்டன். கொண்டுபோன மாதிரியே கொண்டந்து தாங்கோ.”

எங்கள் ஆட்கள் நல்ல காரியத்துக்கும் பயணத்துக்கும் மூன்று பேராகப் புறப்பட மாட்டார்கள். தவிர்க்க முடியாவிட்டால் வீட்டு வாசலில் ஒரு சின்னக் கல்லை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். கல் நாலாவது ஆள். பாரிசுக்கு வந்தும் இந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. விசா அலுவலாகப் பிரெபெக்தூருக்கு மூன்று பேராகப் போகிறவர்களின் கோட்டுப் பையைத் தடவிப் பார்த்தால் தெரியும்.

ஆனால் நாலாம் மாடியில் குடியிருக்கிறவன் கல்லுக்கு எங்கே போவது? உதயன் அவசரத்தில் மறந்துபோனான். நினைவு வந்தபோது பிராங்கின் கார் காட்டு வாசலில் நின்றது.

காட்டின் பெயர் வேண்டாம். பாரிசிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேர ஓட்டம். அரசாங்கக் காடு. அதில் ஒரு பகுதி வேட்டை தடைசெய்யப்பட்ட விலங்குக் காப்பிடம். மறிப்புக் கட்டையடியில் காட்டு அதிகாரி நின்றாள். மனோன் என்று பெயர். ஏதாவது ஆபத்தென்றால் பேசுவதற்கு உதயனின் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, கூடாரம் அடிக்க வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

விதிகளையும் சொன்னாள். தீ மூட்டக்கூடாது. காட்டிலிருந்து எதையும் எடுக்கக்கூடாது. முக்கியமாக, எதற்கும் சாப்பாடு போடக்கூடாது. ஒருமுறை போட்டுப் பழக்கினால் அது பிறகு ஆட்களைத் தேடி வரும் என்றாள். பன்றியைப் பற்றித்தான் சொல்கிறாள் என்று உதயன் நினைத்தான்.

அவளுடைய வண்டி போனதும் உதயன் பாதையோரம் பார்த்தான். ஒரு பெரிய மரத்தடியில் ஐந்தாறு கற்களை யாரோ ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். மேலே இருந்ததை எடுத்தான். உள்ளங்கை அளவு, வழுவழுப்பான கல். வெயில் பட்டுக்கொண்டிருந்த கல்தான். ஆனால் குளிர்ந்துபோயிருந்தது.

“ஆர் அத்தான் இவர்?” என்றான் டெனிஸ்டன்.

“நாலாவது ஆள். உன்ரை அக்காவின்ரை ஓடர்.”

டெனிஸ்டன் சிரித்தான். எட்டு மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து உதயன் பார்த்ததில்லை. கல்லை வாங்கித் தன் கூடாரத்துக்கு முன்னால் நட்டு வைத்தான். கடையிலிருந்து கொண்டுவந்த கொத்தைப் பிரித்து, ஒரு இலையில் கொஞ்சம் எடுத்துக் கல்லுக்கு முன்னால் வைத்தான்.

“எனக்குத் தம்பி இல்லைத்தானே. இண்டையிலயிருந்து இவர் என்ரை தம்பி. சாப்பிடடா தம்பி. வெக்கப்படாதை.”

மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெடியனின் முகம் தெளிந்ததே போதும் என்று உதயன் சந்தோஷப்பட்டான்.

சாப்பிட்டுக் கை துடைத்துவிட்டுப் பார்த்தால் இலை வெறுமையாக இருந்தது.

இலை வைத்த இடத்திலிருந்து அசையவில்லை. ஒரு துணுக்கு சிந்தவில்லை. எண்ணெய்ப் பிசுக்குக்கூட இல்லை, கழுவித் துடைத்த மாதிரி. உதயன் பிராங்கைப் பார்த்தான். பிராங்க் கூடாரக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இந்த மனுசன் விளையாடுகிறார் என்று உதயனுக்குப் பட்டது.

இருட்டத் தொடங்கியபோது மனோனின் வண்டி ரோந்து வந்தது. கொஞ்சம் தள்ளி நின்று கையைக் காட்டினாள்.

“நாலு பேருக்கும் நல்லிரவு!” என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு பேர்...

“அண்ணை, நீங்கள் அவவுக்குக் கல்லைப் பற்றிச் சொன்னனீங்களோ?” என்று உதயன் பிராங்கைக் கேட்டான்.

“நான் எதுக்குப்பா சொல்லப்போறேன்? இருட்டுல தப்பா எண்ணியிருப்பா.”

உதயன் நம்பவில்லை. பிராங்கும் டெனிஸ்டனும் சேர்ந்து தன்னைப் பயப்படுத்தப் பார்க்கிறார்கள் என்று நினைத்தான். கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள முடிவு செய்தான்.

இரவு இரண்டு மணி இருக்கும். பிராங்கும் உதயனும் பெரிய கூடாரத்தில். டெனிஸ்டன் தன் சின்னக் கூடாரத்தில். இடையில் நாலு எட்டுத் தூரம்தான்.

சர்ர்ர்... டெனிஸ்டனின் கூடாரத்து வாசல் சிப் திறந்தது. அவன் வெளியே போனான். ஒன்றுக்கிருக்கப் போகிறான்.

கொஞ்ச நேரத்தில் காலடிச் சத்தம். சர்ர்ர்... உள்ளே வந்துவிட்டான். சிப் மூடியது.

உதயன் கண்ணை மூடினான்.

மறுபடியும் காலடிச் சத்தம்.

அதே பக்கத்திலிருந்து. அதே நடை.

சர்ர்ர்... சிப் திறந்தது. யாரோ உள்ளே போனார்கள். சிப் மூடியது.

உதயன் எழுந்து உட்கார்ந்தான். ஒருமுறை வெளியே போனான். இரண்டுமுறை உள்ளே வந்தான்... இடையில் இன்னொருமுறை வெளியே போன சத்தம் கேட்கவே இல்லையே. பக்கத்தில் தடவிப் பார்த்தான். பிராங்க் படுத்திருந்தார், குறட்டையோடு.

அப்போது பேச்சுக் கேட்டது. டெனிஸ்டனின் கூடாரத்திலிருந்து. மெல்லிய குரலில்.

“அம்மா பேர்?”

“செல்வராணி...”

“அக்கா?”

“லக்ஷனா...”

“படிச்ச பள்ளிக்கூடம்?”

போனில் யாருடனோ பேசுகிறான் என்று உதயன் தன் போனைப் பார்த்தான். சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

கேட்ட குரலும் டெனிஸ்டனுடையது. பதில் சொன்ன குரலும் டெனிஸ்டனுடையது. ஆனால் பதில் சொன்ன குரல் நித்திரையில் முனகியது.

கேட்ட குரல் நன்றாக விழித்திருந்தது.

“அத்தான் பேர்?”

“உதயன்...”

பிராங்கை உலுக்கி எழுப்பினான். பிராங்கும் கேட்டார். கார் சாவியைத் தேடி எடுத்துக் கையில் பொத்திக்கொண்டார்.

உதயன் கூப்பிட்டான்.

“டெனி!”

“என்ன அத்தான்?”

ஒரு மூச்சு விடுகிற நேரம்...

“என்ன அத்தான்?”

சர்ர்ர்... சிப் கிழிகிற வேகத்தில் திறந்தது. டெனிஸ்டன் வெறுங்காலோடு பாய்ந்து வந்து உதயனின் கையைப் பிடித்தான். கை ஜில்லென்று இருந்தது.

“போவம் அத்தான்... போவம்...”

ஓடினார்கள். கூடாரம், சப்பாத்து, பை... எல்லாம் அப்படியே.

உதயன் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கேட்டது.

சர்ர்ர்...

பின்னால், கூடாரத்தின் சிப்பை யாரோ உள்ளேயிருந்து மெதுவாக மூடினார்கள்.

பாரிஸ் வரும்வரை காரின் முன்சீட்டில் இருந்த உதயன் கண்ணாடியில் பின்சீட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். டெனிஸ்டன் ஒரு மூலையில் குறண்டிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்று கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினான். இவன் ஏன் பேசமாட்டேன் என்கிறான்? அந்தக் கேள்வி உதயனுக்குள் முள்ளாய்க் குத்திக்கொண்டே இருந்தது.

விடியுமுன் வீட்டுக்கு வந்தார்கள். லக்ஷனா தம்பிக்குப் பால் காய்ச்சிக் கொடுத்தாள், கால் கழுவிவிட்டாள், தைலம் பூசிப் போர்த்திவிட்டாள். பெடியனுக்குக் காட்டுக் குளிர் பிடித்துவிட்டது என்று உதயனை நாலு ஏச்சு ஏசிவிட்டு வேலைக்குப் போனாள். உதயன் சின்ன அறைக் கதவுக்கு எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தான். உள்ளே புரளுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

மனோன். கோபமாகப் பேசினாள். உங்கள் ஆளைத் தனியே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்களே, இது என்ன மனிதாபிமானம்? காலையில் போய்ப் பார்த்தால் வெறுங்காலோடு கூடாரத்தில் இருந்து அழுகிறார். என் அலுவலகத்துக்குக் கூட்டிவந்திருக்கிறேன். இதோ, பேசுங்கள்...

“அத்தான்... என்னை விட்டிட்டுப் போட்டியளே அத்தான்...”

டெனிஸ்டனின் குரல். விம்மி விம்மி அழுகிற குரல்.

உதயன் போனைப் பிடித்தபடி சின்ன அறைக் கதவைப் பார்த்தான்.

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

சமையலறைக்குப் போய்க் கொத்துப் போடுகிற தகட்டை எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தள்ளினான். கட்டிலில் இருந்தவன் எழுந்து உட்கார்ந்தான்.

“ஆரடா நீ?”

“என்ன அத்தான் கேக்கிறியள்? நான்தான்...”

“கொம்மாவின்ரை பேர் என்ன?”

“செல்வராணி.”

“படிச்ச பள்ளிக்கூடம்?”

அதையும் சொன்னான். கேட்டதெல்லாம் சரியாகச் சொன்னான். ஒரு பிழை விடவில்லை. பிழை விட்டிருந்தால்கூட உதயன் கொஞ்சம் யோசித்திருப்பான். இதையெல்லாம் கூடாரத்துக்குள் இருந்து ஒன்று பாடமாக்கியதைத் தன் காதால் கேட்டவன் அல்லவா?

சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்தான். அவன் திருப்பி அடிக்கவில்லை. அழுதான். “அத்தான், நான்தான் அத்தான், அக்கா வரட்டும், அக்காவைக் கேளுங்கோ” என்று வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டான். உதயன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து வெளியே தள்ளிக் கதவைப் பூட்டினான்.

கொஞ்ச நேரம் கதவு தட்டுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை.

லக்ஷனாவிடம் இதைச் சொல்ல உதயனுக்குத் தைரியம் வரவில்லை. அவளுடைய தம்பி பத்திரமாக வந்துசேர்ந்தால் போதும் என்று இருந்தான். பிராங்குக்கு மட்டும் சொன்னான். அவர் காட்டுக்குப் போய், பின்னேரம் டெனிஸ்டனைக் கூட்டிவந்து விட்டார். லக்ஷனா வேலை முடிந்து வரும்போது தம்பி சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ரீவி பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் தான் போர்த்திவிட்டவன்தான் எழுந்து இருக்கிறான் என்று அவள் நினைத்தாள்.

இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டான். மூன்றாவதும் கேட்டான். சிரித்துச் சிரித்துப் பேசினான். பிறகு இருந்த இடத்திலேயே, சுவிட்சை அணைத்ததுபோல் நித்திரையாகிப் போனான்.

லக்ஷனா போர்வையை எடுத்துக்கொண்டு போனாள். கால்மாட்டில் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பிறகு உதயனைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

“இஞ்சேருங்கோ... சின்னனிலை தம்பியின்ரை உள்ளங்காலிலை போத்தல் ஓடு ஏறி நாலு தையல் போட்டது. அது அம்மாவுக்கும் எனக்கும்தான் தெரியும். காலமை தைலம் பூசேக்கை அந்தத் தழும்பைத் தடவினனான்.”

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

“இப்ப பார்த்தன். ஒண்டுமில்லை. பிறந்த பிள்ளையின்ரை கால் மாதிரிக் கிடக்கு... காலமை இருந்த என்ரை தம்பி எங்கை?”

உதயன் காலையில் நடந்ததை அவளிடம் சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கி ஓடினான்.

கீழே காய்கறிக் கடைக்காரர் மட்டும் ஒன்று சொன்னார். காலையில் ஒரு பெடியன் வெறுங்காலோடு அழுதுகொண்டு ஸ்டாலின்கிராட் மெட்ரோ பக்கமாக நடந்து போனானாம். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை. பொலிஸுக்கும் போக முடியாது. அந்தப் பெயரோடும் அந்த முகத்தோடும் ஒருவன் வீட்டில் இருக்கிறானே, காணாமற்போனது யார் என்று எழுதிக் கொடுப்பது?

காட்டிலிருந்து பிராங்க் கூட்டிவந்தவன் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாக நித்திரை கொள்கிறான். ஒபர்வில்லியேயில் அவனை நல்ல வேலைக்காரன் என்று மெச்சுகிறார்களாம். உதயன் வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. மெட்ரோப் பாலத்தின் கீழே வீடில்லாதவர்கள் அடித்திருக்கிற கூடாரங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு நடக்கிறான். மழை பெய்கிற நாட்களில் லக்ஷனா அவனிடம் தம்பியின் காலுக்கு ஒரு சோடி சப்பாத்தையும் பையில் போட்டுக் கொடுத்துவிடுகிறாள்.