அம்மா கழுவிய திராட்சை

லண்டன் ஹரோவில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைன் போத்தலைத் திறந்தேன். நனைந்த சுண்ணாம்புக்கல்போல மணத்தது. பிரான்சில் நாங்கள் இருந்த காலத்தில் அம்மா கூலிக்குத் திராட்சை வெட்டிய தோட்டத்தின் வைன் அது. அந்தத் தோட்டம் இருந்த மலைச்சரிவு முழுவதும் ஒரே முதலாளியுடையது.

வேலைக்குப் போன முதல் நாளே அம்மா தன் கூடைப் பழத்தைக் குழாயடியில் கழுவிவிட்டார்.

"ஆரும் ஊத்தையோட குடுப்பினமோ?" என்று கேட்டார்.

முதலாளி தலையில் கைவைத்தார். பழத்தோலில் இயல்பாகப் படிந்திருக்கும் மாப்போன்ற வெள்ளைப் படிவால்தான் வைன் புளிக்கத் தொடங்குமாம். அம்மாவின் வேலை போயிற்று என்று சிறுமியான நான் பயந்தேன். முதலாளியோ சிரித்து, அந்தக் கூடைப் பழத்தை எங்கள் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். ஒரு வாரம் என் நாக்கு ஊதாவாகவே இருந்தது.

இப்போது மேசையில் எதிரே இருந்த அம்மா ஒரு மிடறு குடித்தார். முதலில் புளிப்பு, பிறகு கல்லின் குளிர்ச்சி என்றார்.

"அறுவடைக்கு அங்க போவமா அம்மா?"

"ஓம், வாறன். இந்த முறை கழுவமாட்டன்."