குழாயில் மிச்சம் வைக்காதவர்

ஜொகூரில், யோங் பெங் டோல் வரிசையில் காரோடு நின்றிருந்தபோது மங்களேஸ்வரியின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சார்." பின்னால் இருந்தவர் ஹார்ன் அடித்தார், வண்டியை நகர்த்தினேன். மங்களேஸ்வரிக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்தது வந்தால் மட்டும் மனம் லேசாகிவிடுகிறதா என்ன?

பல்கலைக்கழகத்தில் நானும் அவரும் ஒரே ஆய்வுக்கூடம். வருங்கால அணு இணைவு உலையைச் சுற்றி, ஈயமும் லித்தியமும் உருகிய கலவை ஓட வேண்டும். அது வெப்பத்தை வெளியே கொண்டுவரும். உலைக்கு வேண்டிய டிரிட்டியம் என்ற எரிபொருளும் அதில்தான் உண்டாகும். ஆனால் அந்தக் கலவை குழாயின் எஃகை அரிக்கும். காந்தப்புலத்தில் ஓடச் சண்டித்தனம் செய்யும். இரண்டையும் சேர்த்துச் சோதிக்க ஒரு பெரிய காந்தம் வேண்டும் என்று மங்களேஸ்வரி விண்ணப்பித்துக்கொண்டே இருந்தார்.

ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி, "இதுல எப்ப கரண்ட் வரும்?" என்று கேட்டார்.

"நம்ம காலத்துல வராது லா. வர்றப்ப குழாய் ஓட்டையாகக் கூடாது, அதுக்குத்தான் இந்த வேலை," என்றார் மங்களேஸ்வரி.

அந்த ஆண்டும் காந்தம் வரவில்லை.

ஒரு மதியம் இடிமழையில் மின்சாரம் போய், உருகிய உலோகம் எங்கள் சோதனைக் குழாய்க்குள்ளேயே உறைந்துவிட்டது. மின்சாரம் திரும்பியதும் டெக்னீஷியன் எல்லா ஹீட்டரையும் ஒன்றாகப் போடப் போனார். "அலமாக், நடுவுல சூடு ஏத்தாதீங்க! உருகினா பெருகும். ஒதுங்க எடமில்லன்னா குழாயைக் கிழிச்சிடும்," என்று மங்களேஸ்வரி கத்தினார். அடியிலுள்ள தொட்டிப் பக்கமிருந்து சாண் சாணாக உருக்கினார். அதன்பின் அவர் வைத்த விதி இது: ஆளில்லாதபோது உலோகத்தைத் தொட்டியில் இறக்கிவிட வேண்டும். "நம்ம வர முடியாட்டியும் அடுத்து வர்றவங்க ஓட்டணும்ல?" என்பார்.

மாசாயில் அவர் வீட்டில் காரியம் முடிந்த மறுநாள் ஆய்வுக்கூடம் போனேன். குழாய் அடைத்திருந்தால் எல்லாவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அறையை வேறு துறைக்குக் கொடுப்பதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. அடைத்திருக்கட்டும் என்றுகூட நினைத்தேன், அவ்வளவு அலுப்பு. கடைசியாக உலோகத்தை ஓட்டியவர் மங்களேஸ்வரி. அங்கிருந்து நேராக மருத்துவமனைக்குப் போனவர் திரும்பவில்லை. ஒரு முனையில் ஆர்கான் வாயுவைத் திறந்தேன். மறுமுனையில் தடையின்றி வாயு வந்தது. அந்த வலியிலும் உலோகத்தைத் தொட்டியில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த விதியும் ஒரு தொட்டி உலோகமும். அறையைத் தர முடியாது என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டேன். காந்தத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நாளைக் காலை தொட்டியைச் சூடேற்றுகிறேன்.