கிராணி பக்கத்தில் நின்றபோது சொன்ன பதில்

எண்பதுகளின் தொடக்கத்தில் முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். துண்டு துண்டாக விற்கப்பட்ட ரப்பர் தோட்டங்களை விட்டு, ஈப்போ பக்கம் ஜெலாப்பாங் தொழிற்சாலைகளுக்கு வந்த குடும்பங்களைப் பற்றியது. முந்தைய ஆய்வுகள் என்ற அத்தியாயத்தில் வண்டி நின்றுவிட்டது. செமோர் பக்கம் நாங்கள் இருந்த தோட்டத்திலேயே ஒரு வெள்ளைக்காரர் முன்பு ஆய்வு செய்திருந்தார். பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பதையே விரும்புகிறார்களாம்! படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் குப்பையைத் தொடவே மாட்டேன் என்று பேராசிரியரிடம் சொன்னேன்.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கூடக் கழற்றவில்லை.

"பிடிக்கேல்லை எண்டு விட்டால் உம்மட ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிடுவினம். அவர் ஏன் அப்பிடி எழுதினார் எண்டு பாரும்."

தவணையோ முடியப் போகிறது. திருப்பி அனுப்பினால் பட்டம் போச்சு. அந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அம்மாவைக் கேட்க ஈப்போவுக்கு பஸ் ஏறினேன். அம்மா சமையலறையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏம்மா, தோட்டத்துல வெள்ளக்காரர் ஒருத்தர் வந்து கேள்வி கேட்டாரே, ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்ல? அவருக்குத் தமிழ் தெரியாது லா. ஆபீஸ்ல கணக்கெழுதி எங்களுக்கு வேலை பிரிக்கிற கிராணிதான் கேட்டாரு, கிராணிதான் இங்கிலீஸ்ல சொன்னாரு. 'புள்ளைய மரம் வெட்ட அனுப்புவியா'ன்னு கிராணியே கேட்டா, மாட்டேன்னா சொல்ல முடியும்? மறுநாளே பால் கொறஞ்ச மேட்டுக் காட்டுக்கு மாத்திருவாரு. எல்லாரும் 'அனுப்புறேங்க'ன்னுதான் சொன்னோம்."

"நீங்களுமா?"

"நானுந்தான். நீ அப்ப என் இடுப்புல."

பல்கலைக்கழகம் திரும்பி அந்த ஆய்வைப் புரட்டினால், முன்னுரையிலேயே கிராணியின் மொழிபெயர்ப்புக்கு நன்றி சொல்லியிருந்தார், பாவம். கோபம் போன இடத்தில் ஒரு உற்சாகம் வந்தது. அவர் கண்ட முடிவை அப்படியே எழுதினேன். யார் கேட்டார், யார் முன்னால் பதில் வந்தது என்பதையும் எழுதினேன். அதே கேள்வியைக் கிராணி இல்லாமல் மறுபடி கேட்கப் போகிறேன் என்று அத்தியாயத்தை முடித்தேன். பேராசிரியர் படித்துவிட்டு, "கேட்டுக்கொண்டு வாரும்" என்றார்.

முதலில் போனது எங்கள் வீட்டுக்குத்தான். பேனாவைத் திறந்து, அந்நியரிடம் கேட்பதுபோலவே கேட்டேன். அம்மா பழக்கதோஷத்தில் வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். யாரும் இல்லை.

"அனுப்ப மாட்டேன்" என்றார். அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும். "அன்னிக்கும் அதான் மனசுல. நல்லா பெருசா எழுது லா."