அவர் மறந்துவிட்டதாகச் சொன்ன சங்கீதங்கள்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது தவக்காலத்தில், ஒரு வெள்ளிக்கிழமை காலை. வாஷ்பேசின் முன்னால் நின்று முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். ரேசர் கீழே விழும் சத்தம் கேட்டது. வழக்கமாக எது விழுந்தாலும் "ஒண்ணுமில்ல" என்று ஒரு குரல் வரும். அன்று வரவில்லை. நான் போய்ப் பார்த்தபோது பாதி முகத்தில் நுரையோடு சுவரில் சாய்ந்து நின்றார். "அது... அது..." என்றார். எது என்று கேட்டேன். "அது" என்றார்.

எதிர் வீட்டுக்காரர் காரை எடுத்தார். மந்தைவெளியிலிருந்து மருத்துவமனைக்கு அதிக தூரமில்லை. உயிர் பிழைத்துவிட்டார். ஆனால் வலது கையும் காலும் விழுந்துபோயின, பேச்சும் போனது. நாங்கள் சொல்வது அவருக்குப் புரிந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தால் "அது" என்ற ஒரு சொல் மட்டுமே வந்தது. தண்ணீருக்கும் அதுதான், மின்விசிறிக்கும் அதுதான், என் பெயருக்கும் அதுதான்.

அவர் தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்க ஊரார் பேசுவதற்கு வழி செய்துவிட்டு வீட்டுக்கு வந்து அதிகம் பேசாமல் இருந்தார். நான் பள்ளி ஆசிரியை. எங்கள் வீட்டில் பேச்சு என்றால் அது என் பேச்சுதான். அவர் கேட்டுக்கொள்வார், சிரிப்பார், பேப்பரைப் புரட்டுவார். அது அவர் சுபாவம் என்று நான் நினைத்திருந்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அவரைத் தூக்க, குளிப்பாட்ட, நடக்கவைக்க ஒரு பெண்ணை வைத்துக்கொண்டோம். அடையாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவள். அரசாங்கம் கரையோரக் குடிசைகளைக் காலி செய்தபோது குடும்பத்தோடு பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறிக் காலையில் வந்துவிடுவாள். வந்த முதல் நாளே அவரை நைனா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். அவர் பதில் பேசாதது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. பஸ்ஸில் நடந்த சண்டை, மாமியார் செய்த வேலை எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிக்கொண்டே வேலை செய்வாள்.

ஒருநாள் நான் அடுப்படியில் இருந்தேன். அவள் போட்ட கூச்சலில் கையிலிருந்த கரண்டியோடு ஓடினேன்.

"டீச்சரம்மா, சீக்கிரம் வா! நைனா பேசிக்கினு கீறாரு!"

கட்டிலிலிருந்து எழுப்பும்போது அவருடைய கால் வழுக்கியிருக்கிறது. அவளுடைய தோளை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயிலிருந்து சொற்கள் வந்துகொண்டிருந்தன. தடையில்லாமல், தெளிவாக, ஒரு பையன் வகுப்பில் எழுந்து ஒப்பிக்கிற மாதிரி. பர்வதங்கள் என்றார். ஒத்தாசை என்றார். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் என்றார்.

"ஒத்தாசை வோணுமாம்மா. அதான் நான் புட்சிக்கினு கீறேனே நைனா, அப்பறம் இன்னா பயம்?" என்றாள் அவள்.

அவள் அதை வெறும் தமிழாகவே கேட்டாள். ஒத்தாசை என்பது அவள் தினமும் பேசுகிற சொல். நான்தான் திகைத்து நின்றேன். அது பைபிளில் வரும் நூற்று இருபத்தோராம் சங்கீதம். எங்கள் கோயிலில் அதைத் திருப்பாடல் என்போம். அங்கே வாசிக்கிற மொழிபெயர்ப்பில் பர்வதம் இல்லை, மலைதான். ஒத்தாசை இல்லை, உதவிதான். இவர் சொன்னது பழைய மொழிபெயர்ப்பு, அவர் சிறுவயதில் படித்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் சாந்தோம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். தலைமுறை தலைமுறையாக ஒரே பங்குக் கோயில். அவர் புராட்டஸ்டண்டுக் குடும்பம். எங்கள் கல்யாணத்தை என் அப்பா ஒரே நிபந்தனையில்தான் ஒத்துக்கொண்டார்: "பிள்ளைங்க ஒரே கோயில்ல வளரணும்." அவர் மறுபேச்சு பேசவில்லை. சபை மாறினார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஞாயிறு தவறாமல் என்னோடு பூசைக்கு வந்தார். எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றார், மண்டியிட வேண்டிய இடத்தில் மண்டியிட்டார். அவருக்கு ஒரு குறையும் இல்லை என்றே எல்லோரும் நினைத்தோம். அவரும் எதுவும் சொன்னதில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஓர் இளம்பெண் வருவாள். அவளிடம் நடந்ததைச் சந்தோஷமாகச் சொன்னேன். அவள் மென்மையாகத்தான் பேசினாள். "ஆன்ட்டி, சின்ன வயசுல மனப்பாடம் பண்ணது தனியா தங்கியிருக்கும். பாட்டு, ஜெபம், திட்டுற வார்த்தைகூட சில பேருக்கு அப்படி வரும். யோசிச்சுப் பேசுறதுன்னு நினைச்சுக்காதீங்க. அதுல அர்த்தம் தேடினா நீங்கதான் ஏமாந்துபோவீங்க."

சரி என்றேன். ஆனாலும் லஸ் பக்கம் போனபோது ஒரு கடையில் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் ஒன்று வாங்கிவந்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வரியின் முதல் இரண்டு சொற்களைச் சொல்வேன். அவர் மீதியை முடிப்பார். காலை இட்லிக்கு முன்னால் ஒன்று, மாலையில் ஒன்று. அத்தனை ஆண்டு குடும்பம் நடத்தியதில், இருவரும் மாறி மாறிப் பேசியது அந்த மாதங்களில்தான் என்று தோன்றுகிறது.

அவர் சங்கீதம் சொல்கிற செய்தி கேட்டு அவருடைய அக்கா அடையாற்றிலிருந்து வந்தார். நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வந்த தடவைகளை எண்ணிவிடலாம். தம்பி சொல்லச் சொல்லக் கேட்டார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காபி குடிக்கும்போது என்னிடம் சொன்னார்:

"எங்க அப்பா, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால ஆளுக்கொரு சங்கீதம் சொல்லச் சொல்வாரு. நாங்கள்லாம் இருக்கறதுலயே சின்னதாப் பாத்து சொல்லிட்டுத் தட்டை எடுத்துப்போம். இவன்தான் நீளமானதா எடுத்துச் சொல்லுவான். எங்களுக்குப் பசி உயிர் போகும். சண்டே கிளாஸ்ல பிரைஸ் எல்லாம் இவனுக்குத்தான்."

"எனக்கு இது எதுவுமே தெரியாதுக்கா."

"கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு தடவை அப்பா கேட்டாரு. ஒண்ணு சொல்லுடா, கேட்டு நாளாச்சுன்னாரு. மறந்துபோச்சுப்பான்னுட்டான். அப்பா அதுக்கப்புறம் கேக்கவே இல்ல." அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "மறக்கலியே. இப்பல்ல தெரியுது."

அக்கா என்னைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. அவருக்கும் அது புதிதாகக் கிடைத்த துக்கம்தான். ஆனால் அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை. இவர் மறக்கவில்லை. மறந்ததாகச் சொல்லி மூடி வைத்துவிட்டார். எனக்காகவா, என் அப்பாவுக்குக் கொடுத்த வாக்குக்காகவா, ஒரு வீட்டில் இரண்டு மாதிரி வேண்டாம் என்றா?

அதற்குள் அவர் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க ஆரம்பித்திருந்தார். எங்கள் வீட்டு வாசலிலிருந்து லிஃப்ட் வரை ஒரு நடை. அதுதான் அவருடைய பயணம். பெரும்பாக்கத்துப் பெண் அவர் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள், இவர் ஊன்றுகோலை வைத்து வைத்து நகர்வார். நடக்கும்போது அவர் சொன்னவை எல்லாம் நூற்று இருபதிலிருந்து வரிசையாக வருகிற சின்னச் சின்னச் சங்கீதங்கள். அந்தக் காலத்தில் எருசலேமுக்கு யாத்திரை போனவர்கள் வழியில் பாடியவை. ஒரு நாளைக்கு ஒன்று. மறுநாள் விட்ட இடத்திலிருந்து அடுத்தது. லிஃப்ட் கதவைத் தொட்டதும் நின்று மூச்சு வாங்குவார்.

"எர்சலம் வந்துருச்சு நைனா, திரும்பலாமா?" என்பாள். எருசலேம் என்றால் என்ன என்று முந்தின நாள்தான் என்னிடம் கேட்டுவைத்திருந்தாள். அவர் பாதி வாயால் சிரிப்பார்.

எல்லா நாளும் அப்படி இல்லை. ஒருநாள் கால் நகரவே மறுத்தது. ஊன்றுகோலை விட்டெறிந்தார். தரையில் உட்கார்ந்து "எதுவரைக்கும், எதுவரைக்கும்" என்று கத்தினார். மேல் மாடியில் கதவு திறந்து மூடியது. நான் "அப்படிச் சொல்லாதீங்க, ஆண்டவர் பாத்துப்பாரு" என்றேன். உள்ளே வந்து தேடிப் பார்த்தபோது அதுவும் சங்கீதம்தான், பதின்மூன்றாவது. எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர் என்று ஒரு மனுஷன் கடவுளையே திரும்பத் திரும்பக் கேட்கிறான்.

நான் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் பீடத்துக்குப் பக்கத்தில் நின்று, சங்கீத வரிகளான பதிலுரைப் பாடலை வாசித்தவள். அங்கே எங்களுக்குத் தருவது நாலைந்து வரிகள். பெரும்பாலும் நம்பிக்கையும் நன்றியும். அழுகையும் கோபமும் நிறைந்த முழுச் சங்கீதங்களை நான் உட்கார்ந்து படித்ததே இல்லை. அந்த வாரம் படித்தேன். கடவுளிடம் முறையிடலாம் என்று கடவுளுடைய புத்தகமே சொல்கிறது. முறையிட்டவனை அது வெளியே தள்ளவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அதுவரை பொறுமையாக இருப்பதுதான் ஜெபம் என்று நினைத்திருந்தேன். ஒருநாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் எதுவரைக்கும் என்று கேட்டேன். பிறகு வந்து அவருக்குக் கஞ்சி கொடுத்தேன்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். அன்று தெருவில் தண்ணீர் நின்றதால் அவள் வரவில்லை. காலையில் நானே அவரைப் பிடித்து லிஃப்ட் வரை கூட்டிப்போய் வந்திருந்தேன். சாப்பிட்ட பிறகு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கேட்டேன்:

"என்னங்க, உங்க சர்ச்ச விட்டுட்டு வந்தீங்களே... அதுல உங்களுக்கு வருத்தம் உண்டா? என்மேல வருத்தமா?"

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. "அது..." என்றார். இடது கையை உயர்த்தினார், இறக்கினார். கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். வீட்டின் ஓரங்களில் கனிதரும் திராட்சைக்கொடி போல மனைவி, பந்தியைச் சுற்றி ஒலிவ மரக் கன்றுகள் போலப் பிள்ளைகள். நூற்று இருபத்தெட்டாவது. முடிவுவரை சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் அழுதேன். அவருக்கு வருத்தமில்லை, என்னை வாழ்த்துகிறார் என்று அழுதேன். சாயங்காலம் பாத்திரம் துலக்கும்போதுதான் உறைத்தது. காலையில் லிஃப்ட் வரை நடந்தபோது அவர் சொன்னது நூற்று இருபத்தேழு. வரிசைப்படி அடுத்தது இதுதான். நான் எதைக் கேட்டிருந்தாலும் அதுதான் வந்திருக்குமோ? அர்த்தம் தேடாதீர்கள் என்று பேச்சுப் பயிற்சிப் பெண் சொன்னது காதில் கேட்டது. கையைப் பிடித்தாரே, அது பதில் இல்லையா? இன்றுவரை எனக்குத் தெரியாது. பேச்சு இருந்த முப்பது வருஷத்தில் ஒரு சாயங்காலம் கேட்டிருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும்.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. இரண்டு நாளில் போய்விட்டார். அடக்கப் பூசை எங்கள் கோயிலில்தான். அக்கா தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார், "ஒரே ஒரு சங்கீதம், எங்க வேதாகமத்துலருந்து நான் வாசிக்கட்டுமா?" நான் போய் ஃபாதரிடம் கேட்டேன். தாராளமாக என்றார். இத்தனை சுலபமாக ஒருவர் தாராளமாக என்று சொல்லிவிடக்கூடிய விஷயமாக அது இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அக்கா வாசித்தார். நன்றாக வாசித்தார். கடைசி வரிசையில் நின்றிருந்த எங்கள் பெரும்பாக்கத்துப் பெண், "நம்ம நைனா சொல்லிக்கினு நடக்குமே, அதான் இது" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் சத்தமாகவே சொன்னது முன்வரிசையில் இருந்த எனக்கும் கேட்டது.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு சாயங்காலம் அடையாறு போய், அக்கா போகிற சர்ச்சில் அவரோடு உட்காருகிறேன். காலையில் என் கோயிலில் பூசை பார்த்துவிட்டுத்தான் போகிறேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. அங்கே சங்கீதத்தை மாறி மாறி வாசிக்கிறார்கள், ஐயர் என்று அவர்கள் கூப்பிடும் போதகர் ஒரு வசனம், சபை ஒரு வசனம். முதல் நாள் எனக்குப் பின்னால் இருந்த வரிசையில் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து வாசித்தபோது குரல் கனமாக எழுந்து வந்தது. பலர் புத்தகத்தையே பார்க்கவில்லை. என் புத்தகத்தில் இடம் தவறிவிட்டது. அக்கா விரலை வைத்துக் காட்டினார்.

மந்தைவெளியிலிருந்து அங்கே போக ஒரே பஸ்தான். கூட்டம் இல்லாவிட்டால் இருபது நிமிஷம்கூட ஆகாது. அவரும் நானும் எத்தனையோ சாயங்காலம் அந்த வழியாக பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போயிருக்கிறோம். அந்த சர்ச் வாசலைத் தாண்டித்தான் போயிருப்போம். ஒரு தடவையாவது அவர் திரும்பிப் பார்த்தாரா என்று எவ்வளவோ யோசித்துப் பார்க்கிறேன். நான் ஏதோ பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். அவர் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்பது நினைவுக்கு வரவில்லை.